செக்ரோலில் ஏறாத நேரம்: புதிய தாதியருக்கு உரிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் இடத்தில், பேர் கொடுத்து, நாள் முழுக்க ரப்பர் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்தாலும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்தப் புத்தகத்தில் எழுதாத வேலைக்குச் சம்பளம் கிடையாது. எழுத்துத் தெரியாதவர்கள்கூடத் தங்கள் பேருக்கு நேரே என்ன விழுந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் அதுதான்.

இன்று சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் மாதிரியான ஊர்களில் அவர்களின் பேத்திகள் பலர் தாதியராக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்கும் கதவைத் தட்டி 'மிஸி' என்று கூப்பிடுகிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் டியூட்டி ரோஸ்டரும் (வேலை நேர அட்டவணையும்) ஒரு செக்ரோல்தான் என்பதையும், அதில் ஏறாத நேரம் நிறைய இருக்கிறது என்பதையும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமாவில் ஊசி போடவும் புண் கட்டவும் நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். தன் வேலைக்காகப் பேசுவது எப்படி என்பதை, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தானே பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்: புதிதாக வேலையில் சேர்ந்த தாதிக்காகவும், அவரை அனுப்பிவைத்த பெற்றோருக்காகவும்.

மூன்று அமைப்புகள், மூன்று வெவ்வேறு வேலைகள்

முதல் குழப்பம் பெயர்களில் தொடங்குகிறது. மலேசியத் தாதியர் வாரியம், மலேசியத் தாதியர் சங்கம், தொழிற்சங்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, பிரச்சினை வந்ததும் தவறான கதவைத் தட்டுகிறவர்கள் அதிகம்.

வாரியம், அதாவது லெம்பாகா ஜூருராவாட் மலேசியா, 1950-ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பதிவு செய்வது, ஒவ்வோர் ஆண்டும் தொழில் செய்வதற்கான ஏ.பி.சி. சான்றிதழ் வழங்குவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது இதன் வேலை. இது நோயாளியைப் பாதுகாக்க அமைக்கப்பட்டது. உங்கள் சம்பளத்துக்காகவோ விடுப்புக்காகவோ இது பேசாது, பேச வேண்டியதும் இல்லை. ஆனால் ஏ.பி.சி.யைப் புதுப்பிக்காமல் விட்டால் வேலை செய்யும் உரிமையே போய்விடும். அதற்கு வேண்டிய, தொடர் தொழிற்பயிற்சிக்கான சி.பி.டி. புள்ளிகளைக் கடைசி மாதத்தில் தேடி ஓடாமல் ஆண்டின் முதல் பாதியிலேயே சேர்த்துவிடுவது நல்லது. டியூட்டி நெருக்கடியால் பயிற்சிக்கு அனுப்பவில்லை என்றால், எந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொழில்முறைச் சங்கம். தாதியர் தொழிலின் தரம், கல்வி, ஒழுக்கநெறி ஆகியவற்றைப் பார்க்கிறது. உலக அளவில் 1899-இல் தொடங்கப்பட்ட அனைத்துலகத் தாதியர் மன்றத்தோடு தொடர்புள்ளது. மே 12-ஆம் தேதி தாதியர் தினம் கொண்டாடும்போது முன்னால் நிற்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவதுதான் தொழிற்சங்கம். வேலை நேரம், அலவன்ஸ், பதவி உயர்வு, தண்டனை என்று ஊழியராக உங்களைத் தொடும் விஷயங்களை நிர்வாகத்திடம் பேசும் சட்ட உரிமை இதற்கு உண்டு. அரசாங்கத் துறையில் மலாயா தாதியர் தொழிற்சங்கம் இருக்கிறது. பொதுத்துறைச் சங்கங்களின் கூட்டமைப்பு கியூபெக்ஸ். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டிய தாத்தா பாட்டி இல்லாத வீடு குறைவு. அந்த வீட்டிலிருந்து வந்த பெண், "சங்கத்தில் சேர்ந்தால் மேலிடம் முறைக்குமோ" என்று தயங்குவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. தனியார் துறையில், சங்கத்தில் சேர்ந்த காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்குவதையும் மிரட்டுவதையும் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் தடுக்கிறது.

எந்தச் சட்டம் உங்களுடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைக்க முடியாது. தனியார் மருத்துவமனை, தனியார் கிளினிக், டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம் என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. பெரிந்தா அம் எனப்படும் பொது ஆணைகளும் சேவைச் சுற்றறிக்கைகளும்தான் உங்கள் விதி. அரசாங்கத் தாதி தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பி வருவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

தனியார் துறைக்கு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள முக்கியமான எண்கள் இவை. வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம், முன்பு 48. ஷிப்ட் வேலையில் ஒரு வாரம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் மூன்று வாரச் சராசரி 45-ஐத் தாண்டக்கூடாது. ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் 30 நிமிட ஓய்வு. நோயாளியைவிட்டு நகர முடியாத, இடைவிடாமல் ஆள் நிற்க வேண்டிய வேலை என்றால் 8 மணி நேரம் தொடரலாம், ஆனால் அதற்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது கொடுத்தாக வேண்டும். மகப்பேறு விடுப்பு 98 நாள்.

வாராந்தர ஓய்வு நாளைப் பற்றிச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷிப்டில் வேலை செய்கிறவருக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளிதான் ஓய்வு நாளாகக் கணக்கு. இரவு டியூட்டி முடிந்து திங்கள் காலை 7 மணிக்கு வெளியே வந்து, செவ்வாய் காலை 7 மணிக்குத் திரும்பினால் அது 24 மணி நேரம்தான். ரோஸ்டரில் திங்களுக்கு நேரே 'ஓஃப்' என்று எழுதியிருந்தாலும் அது ஓய்வு நாள் ஆகாது. இந்த ஒன்றை மட்டும் மூன்று மாத ரோஸ்டரில் சரிபார்த்துப் பாருங்கள்.

ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான கணக்கையும் கையால் போடப் பழக வேண்டும். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100 வெள்ளி. வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி என்றால், மணிக்கு 12 வெள்ளி 50 காசு. சாதாரண நாளில் ஓ.டி. ஒன்றரை மடங்கு, ஆகவே 18 வெள்ளி 75 காசு. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் தாண்டினால் மூன்று மடங்கு. மாதத்துக்கு 104 மணி நேர ஓ.டி.தான் உச்சவரம்பு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டியவர்களுக்குச் சட்டத்தின் இந்த ஓ.டி. விகிதங்கள் பொருந்தாது, அவர்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாஸ் ஓவர் எங்கே போனது?

இப்போது ரோஸ்டரைக் கையில் எடுப்போம். நம் நாட்டு வார்டுகளில் பழக்கமான ஷிப்ட் இப்படி இருக்கும்: காலை 7 முதல் 2 வரை, மாலை 2 முதல் 9 வரை, இரவு 9 முதல் காலை 7 வரை. 7, 7, 10. கூட்டினால் 24. நாள் சரியாக நிரம்பிவிட்டது. அப்படியானால் பாஸ் ஓவருக்கு நேரம் எங்கே?

பாஸ் ஓவர் என்பது ஒப்படைப்பு. போகிற தாதி, வருகிற தாதியைக் கட்டில் கட்டிலாக அழைத்துப்போய்ச் சொல்ல வேண்டும்: மூன்றாம் கட்டிலுக்கு மாலையிலிருந்து சிறுநீர் குறைவு, ஒன்பதாம் கட்டிலின் டிரிப் பதினொரு மணிக்கு முடியும், பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பென்சிலின் ஒத்துக்காது. ஆபத்தான மருந்துகளை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது கட்டில் உள்ள வார்டில் இதை 20 நிமிடத்துக்குக் குறைவாக ஒழுங்காகச் செய்ய முடியாது. ஷிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்பதால், வருகிறவர் 20 நிமிடம் முன்னே வர வேண்டும் அல்லது போகிறவர் 20 நிமிடம் பிந்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது யாரோ ஒருவரின் சொந்த நேரம்.

வாரம் 6 டியூட்டி, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 2 மணி நேரம். தாளில் 42 மணி நேரம் இருக்கும், செய்தது 44. தனியாரில் மாதம் 24 டியூட்டி செய்கிறவருக்கு இது 8 மணி நேரம். மேலே போட்ட கணக்கின்படி 150 வெள்ளி, ஆண்டுக்கு 1,800 வெள்ளி. அம்மா கட்டும் சீட்டுப் பணத்தைவிட அதிகம், ஆனால் வீட்டில் யாருக்கும் இது தெரியாது, ஏனென்றால் செக்ரோலில் ஏறவே இல்லை.

2024-இல் அரசாங்கத் தாதியரின் வார வேலை நேரத்தை 42-லிருந்து 45 ஆக்கும் அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்க வேண்டியது, தொழிற்சங்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. "மூன்று மணி நேரம்தானே" என்று வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள். வார்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 கட்டில், காலைக்கு 5 பேர், மாலைக்கு 5 பேர், இரவுக்கு 3 பேர். ஒரு நாளுக்கு 35, 35, 30 என்று 100 மணி நேர உழைப்பு. வாரத்துக்கு 700. ஆளுக்கு 42 மணி என்றால் 17 பேர் வேண்டும். 45 மணி என்றால் 16 பேர் போதும் என்று தாள் சொல்லும். ஒவ்வொருவருக்கும் கூடியது மூன்று மணி நேரம். வார்டிலிருந்து மறைந்தது ஓர் ஆள்.

அந்த 17-உம் உண்மையான எண் அல்ல. யாருமே விடுப்பு எடுக்காமல், எம்.சி. (மருத்துவ விடுப்பு) போடாமல், பயிற்சிக்குப் போகாமல் இருந்தால்தான் 17. நேரத்தில் 15 விழுக்காடு அப்படிப் போகிறது என்று வைத்தால் 20 பேர் வேண்டும். அதற்கும் மேலே மகப்பேறு விடுப்பு. 98 நாள் என்றால் 14 வாரம், 42 மணி வீதம் 588 மணி நேரம். மாற்று ஆள் போடாவிட்டால் மீதி 19 பேரின் தலையில் ஆளுக்கு ஏறக்குறைய 31 மணி நேரம் விழும். அப்போது வார்டில் மெல்ல ஒரு கசப்பு பரவும்: "அவள் பிள்ளை பெற்றாள், நாம் சுமக்கிறோம்." அந்தக் கோபம் தப்பான ஆளிடம் போகிறது. அவர் கர்ப்பமானது பல மாதம் முன்பே தெரியும். மாற்று ஆளைக் கேட்டு வைக்காதது ரோஸ்டர் போடும் நிர்வாகம். தோழியைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை, வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் வைக்க வேண்டும்.

வார்டுக்கு ஆளே கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். சிங்கப்பூரும் சவூதி அரேபியாவும் நம் ஊரிலேயே வந்து ஆள் எடுக்கின்றன. சிங்கப்பூர் 2024-இல் தன் பொது மருத்துவமனைத் தாதியருக்கு, 20 ஆண்டு சேவையில் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை ஊக்கத்தொகை தரும் திட்டத்தை அறிவித்தது. ஜொகூர் பாலத்தைத் தாண்டியவர்களைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் விட்டுப்போன டியூட்டியை இங்கே யார் செய்கிறார்கள், எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஓர் இரவின் நிமிடக் கணக்கு

"வேலை அதிகம், முடியவில்லை" என்று சொன்னால் மேலிடத்தில் வரும் பதில் எல்லோருக்கும் தெரியும்: "நாங்களும் அப்படித்தான் செய்து வந்தோம்." அதனால் வேலையை நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

ஓர் இரவு, 28 நோயாளிகள், 2 தாதியர் என்று வைப்போம். இருவருக்கும் சேர்த்து 20 மணி நேரம், அதாவது 1,200 நிமிடம். காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு பார்த்துச் சார்ட்டில் எழுத ஒருவருக்கு 5 நிமிடம். பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று மூன்று சுற்று. 28 பேருக்கு 420 நிமிடம். படுத்த படுக்கையாக 6 பேர் இருந்தால், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; நனைந்த துணியையும் மாற்றினால் ஒருவருக்கு 10 நிமிடம், இரண்டு தாதியர் சேர்ந்துதான் செய்ய முடியும், இரவில் ஐந்து முறை. 600 நிமிடம். இரவு மருந்து, விடிகாலை மருந்து என்று இரண்டு சுற்று, ஒருவருக்கு 3 நிமிடம்: 168. கூட்டினால் 1,188.

மீதி 12 நிமிடம். இன்னும் இரத்தம் எடுக்கவில்லை, டிரிப் மாற்றவில்லை, புதிய நோயாளி யாரும் வரவில்லை, பதினைந்தாம் கட்டில் அப்பா பாத்ரூம் போக எழுந்து விழவில்லை, தாதி தண்ணீர் குடிக்கவில்லை.

இப்படி நேரம் முட்டும்போது விட்டுப்போவது எது என்று பார்த்தால், பெரும்பாலும் புரட்டிப் படுக்கவைப்பதுதான். மருந்து கொடுக்காவிட்டால் உடனே தெரியும். புரட்டாவிட்டால் பிறகுதான் முதுகின் அடியில் தோல் சிவந்து தெரியும். அதற்குள் ஷிப்ட் மாறியிருக்கும். யாருடைய தவறு என்று விசாரணை வரும்போது கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்வார். ஊழியருக்காகப் பேசுவதும் நோயாளிக்காகப் பேசுவதும் ஒரே பேச்சு என்று தாதியர் சொல்வதன் பொருள் இதுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொது வார்டில் ஒரு தாதிக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 2-க்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2016 முதல், சட்டம் பொருந்தும் பொது வார்டுகளில் பகலில் 4-க்கு 1, இரவில் 7-க்கு 1. அங்கேயும் சங்கங்கள் எண்களை எடுத்து வைத்துத்தான் இதைப் பெற்றன.

மேலே உள்ள நிமிடங்கள் உங்கள் வார்டில் வேறுபடும். மூன்று இரவு கடிகாரத்தை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

நோட்டுப் புத்தகம்

ஐம்பது காசுக்கோ ஒரு வெள்ளிக்கோ கிடைக்கும் சின்ன நோட்டு போதும். டியூட்டி முடிந்ததும் நான்கு வரி: தேதியும் ஷிப்டும், வந்த நேரமும் உண்மையில் கிளம்பிய நேரமும், எத்தனை நோயாளி எத்தனை தாதி, சாப்பிட எத்தனை நிமிடம் கிடைத்தது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் ஐந்தாவது வரி. உதாரணமாக: "12-ஆம் தேதி இரவு. வந்தது 8.40, கிளம்பியது 7.35. நோயாளி 28, தாதி 2, ஒருவர் எம்.சி., மாற்று ஆள் வரவில்லை. சாப்பாடு 10 நிமிடம். 2 மணிச் சுற்று 3.20-க்குத்தான் முடிந்தது, சிஸ்டருக்கு 1.15-க்குப் போன் செய்து சொன்னேன்."

இதில் மூன்று தப்பு நடக்கும். முதலாவது, நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண், நோய் ஆகியவற்றை எழுதுவது. கூடாது. கட்டில் எண்கூட வேண்டாம். உங்கள் நியாயமான புகார், நோயாளியின் இரகசியத்தைக் கசியவிட்ட குற்றமாகத் திரும்பிவிடும். இரண்டாவது, நெரிசலான வார்டைப் போனில் படம் பிடித்து முகநூலிலோ டிக்டோக்கிலோ போடுவது. பரிதாபம் கிடைக்கும், வேலைக்கு ஆபத்தும் கிடைக்கும். அரசாங்க ஊழியர் அனுமதியில்லாமல் பொது அறிக்கை விடுவதை 1993-ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் தடுக்கின்றன. ஊடகத்திடம் பேசச் சங்கப் பொறுப்பாளர் இருக்கிறார். மூன்றாவது, ஒரு வாரத்தை மொத்தமாக ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதுவது. குறுக்கு விசாரணையில் அது முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

நோட்டு உங்களுக்கு. மருத்துவமனைக்குச் சம்பவ அறிக்கை தனியாக எழுத வேண்டும். நோயாளி விழுந்தது, மருந்து தாமதமானது போன்றவற்றை எழுதும்போது "கவனக்குறைவால்" என்று பழியைத் தானே ஏற்றுக்கொள்ளும் சொற்களைத் தவிர்த்து, நடந்ததையும் அப்போது வார்டில் எத்தனை பேர் இருந்தோம் என்பதையும் மட்டும் எழுதுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் வார்டுச் சிஸ்டர். "சிஸ்டர், போன மாதம் 24 டியூட்டியில் 19-இல் சாப்பாட்டு நேரம் முழுதாகக் கிடைக்கவில்லை" என்று சொல்லும்போது கையில் நோட்டு இருக்கட்டும். சிஸ்டரும் ஒரு காலத்தில் இதே கட்டில்களுக்கு நடுவே ஓடியவர்தான். அவருக்கும் மேலே உள்ள தலைமைத் தாதியான மேட்ரனிடம் போக எண்கள் தேவைப்படுகின்றன. எடுத்த எடுப்பில் அவரை எதிரியாக்கிக்கொள்வது நல்லதல்ல.

இரண்டு வாரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் மேட்ரனுக்கு எழுத்தில். ஒருவர் பெயரில் போவதைவிட அதே வார்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருவரைத் தனியாகப் பிரித்து இடமாற்றம் செய்வது கடினம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிரச்சினை ஒன்று, எண்கள் மூன்று, கேட்பது ஒன்று. கேட்பது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்: "ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கவும்" என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், "இரவு ஷிப்ட் 8.40-க்குத் தொடங்குவதாக ரோஸ்டரில் மாற்றவும்" என்றால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அதன் பிறகு அரசாங்கத்தில் இருப்பவர்கள் சங்கக் கிளை வழியாக எம்.பி.ஜே. எனப்படும் துறைக் கூட்டு மன்றத்தில் வைக்கலாம். நிர்வாகமும் ஊழியர் பிரதிநிதிகளும் மேசைக்கு இருபுறம் உட்காரும் இடம் அது. தனியாரில் சம்பளம், ஓ.டி., விடுப்பு பாக்கி என்றால் தொழிலாளர் இலாகா. வேலைநீக்கம் என்றால் தொழிலியல் உறவு இலாகா, அதுவும் நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள். மருத்துவமனைக்குள் மேல்முறையீடு செய்துகொண்டிருந்தாலும் அந்த 60 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "மேட்ரன் பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்று நம்பி இரண்டு மாதத்தைத் தொலைத்தவர்களுக்குப் பிறகு கதவு திறப்பதில்லை.

உங்கள் தனியார் மருத்துவமனையில் சங்கமே இல்லையா? ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு முதலாளியிடம் அங்கீகாரம் கேட்க வேண்டும். 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் இரகசிய வாக்கெடுப்பு வரை போகும். கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால் அது குறைந்தது மூன்று ஆண்டுக்குச் செல்லும். நீண்ட வழிதான்.

பாண்டில் கையெழுத்துப் போடும் முன்

இந்தப் பகுதி பெற்றோருக்கு. தனியார் மருத்துவமனை ஒன்று படிப்புச் செலவை ஏற்று, படித்து முடித்ததும் இத்தனை ஆண்டு எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று போடும் ஒப்பந்தம்தான் பாண்ட். பி.டி.பி.டி.என். எனப்படும் உயர்கல்விக் கடன் வேறு, இது வேறு. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. மகள் சொன்னதைக் கேட்டுப் போட்டுவிடுகிறார்.

போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை: பாண்ட் ஆண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படும், வேலையில் சேர்ந்த நாளா, வாரியத்தில் பதிவான நாளா? பாதியில் விலகினால் திருப்பிக் கட்டும் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா? 60,000 வெள்ளிக்கு 5 ஆண்டு பாண்ட் என்று வையுங்கள். 3 ஆண்டு வேலை செய்துவிட்டு விலகினால், குறையும் என்று எழுதியிருந்தால் 24,000. அப்படி ஒரு வரி இல்லை என்றால் முழு 60,000-ஐயும் கேட்டுக் கடிதம் வரும். கேட்ட தொகை அப்படியே கட்ட வேண்டியதுதானா என்றால் அதுவும் இல்லை: 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கச் சொல்லும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. ஆனால் நீதிமன்றம் வரை போக எத்தனை குடும்பத்தால் முடியும்? வாரியத் தேர்வில் முதல் தடவை தவறினால் என்ன, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினால் மறுக்கலாமா, நோய்வாய்ப்பட்டால் என்ன என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். நகல் கையில் வராமல் வீடு திரும்பாதீர்கள்.

ஊசி குத்திவிட்டால்

இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கி இரத்தம் எடுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீராலோ சலைனாலோ நன்றாக அலசுங்கள். அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று தெரிந்தால், அவருக்கும் உங்களுக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி இரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

ஏன் குத்துகிறது? மூடியைத் திரும்பப் போடும்போது, முக்கால் பங்கைத் தாண்டி நிரம்பிய ஊசிப் பெட்டிக்குள் திணிக்கும்போது, விடிகாலை ஐந்து மணி இரத்தச் சுற்றில் கண் சொருகும்போது. குத்தியதும் பலர் மறைக்கிறார்கள். கவனமில்லாதவள் என்று பேர் வரும் என்ற பயம். அன்று எழுதாமல் விட்டால், ஒரு வருடம் கழித்து ஹெபடைடிஸ் தெரியவரும்போது அது வேலையில் வந்தது என்பதற்கு ஆதாரமே இருக்காது. அன்றே எடுத்த முதல் பரிசோதனையில் 'இல்லை' என்று இருப்பதுதான் பிறகு உங்களைக் காப்பாற்றும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா, எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்தாயிற்றா என்பதை வேலையில் சேர்ந்த முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு

தோட்டப்புறத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று மிச்சமிருக்கிறது. மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் இல்லை. செம்பனைக்கு நடுவே விளக்கில்லாத சாலையில், லாரி கொட்டிய மண்மேல், மோட்டார் சைக்கிளில் வீடு திரும்ப வேண்டும்.

வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தும், சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்தில் அடங்கும். 4 நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால் தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள நிரந்தர அரசாங்க ஊழியர்களுக்குச் சொக்சோ இல்லை. அவர்களுக்கு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் தனி ஏற்பாடு. தனியாரில் முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும். நீங்கள் சேர்க்க வேண்டியது: போலீஸ் புகார், எம்.சி., அன்றைய ரோஸ்டர், பஞ்ச் கார்டு, வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியின் படம். வழியைவிட்டு விலகிப் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) அரை மணி நேரம் நின்றிருந்தால் கோரிக்கை சிக்கலாகிவிடும்.

சில இடங்களில் "ஒன்பது மணிக்குப் பஞ்ச் அடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுது" என்று சொல்வார்கள், ஓ.டி. கணக்கில் வராமல் இருக்க. அப்படிப் பஞ்ச் அடித்துவிட்டு, பாஸ் ஓவர் முடித்து, சார்ட் எழுதி, பத்து மணிக்குக் கிளம்பி, வீட்டுக்கு இருபது நிமிடத் தூரத்தில் பத்தேகாலுக்கு வண்டி சறுக்கினால், காகிதத்தில் ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்குப் பதில் இல்லை. வேலை முடிந்த பிறகு பஞ்ச் அடியுங்கள்.